‘ஃபாரஸ்ட்’ என்றால் காடு இல்லை: பிரிட்டிஷ் படங்களின் கால்பந்துப் பேச்சுக்கும் வட்டார உச்சரிப்புக்கும் தமிழ் சப்டைட்டில் எழுதும் முறை

புதிதாக வேலைக்கு வந்த ஒருவரின் கோப்பில் ஒரு வரி இப்படி இருந்தது: “அவங்க அப்பா காட்டைச் சேர்ந்தவரு.” படத்தில் காடே கிடையாது. அந்த அப்பா நாட்டிங்கம் ஃபாரஸ்ட் கிளப்பின் ரசிகர், அவ்வளவுதான். பத்து நிமிடம் தள்ளி அதே கோப்பில் ஒரு பாட்டி தன் பேரனை “வாத்தே” என்று கூப்பிடுகிறார். நாட்டிங்கம் பக்கத்தில் ‘டக்’ என்பது ‘கண்ணு’ என்பது போல. இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றே. கதை எந்த ஊரில் நடக்கிறது என்று பார்க்காமலே வரி வரியாக மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் வருஷக் கோப்பு ஒன்றில், யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளி வீட்டுக்குள் நுழைந்ததும் “டீக்கு என்ன?” என்று கேட்பார். மனைவி “உருளைக்கிழங்கும் கறியும்” என்பார். டீக்குக் கறியா என்று எனக்கே தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் ‘டீ’ என்றால் மாலைச் சாப்பாடு. இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்லப்போவது, வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான். வரிசை சரியாக இருந்தால் பாதித் தப்பு தானாகவே வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, காது கேளாதோருக்காக மனிதர் எழுதிய ஆங்கில சப்டைட்டில். தயாரிப்பு நிறுவனத்தின் வசனப் பட்டியல் கிடைத்தால் இன்னும் நல்லது. தானாக உருவாகும் சப்டைட்டிலை நம்பாதீர்கள். கிளாஸ்கோ பேச்சையும் லிவர்பூல் பேச்சையும் அது கேட்கும் விதமே வேறு.

‘எனக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும், காதால் கேட்டே எழுதிவிடுவேன்’ என்று சொல்பவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. 1981இல் வந்த ஸ்காட்லாந்துப் படம் ‘கிரிகரிஸ் கேர்ள்’ அமெரிக்காவுக்குப் போனபோது, உச்சரிப்பை மட்டுப்படுத்தி மறுபடி குரல் கொடுத்தார்கள். 1996இல் வந்த ‘ட்ரெயின்ஸ்பாட்டிங்’ படத்தின் தொடக்கப் பகுதிக்கும் அமெரிக்க வெளியீட்டில் அதே கதி. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே புரியாத இடத்தில் நம் காதை நம்பிப் பயனில்லை.

இரண்டாவது, பிரிட்டனின் வரைபடம். மூன்றாவது, கிளப் பெயர்களையும் வட்டாரச் சொற்களையும் எழுதிவைக்க ஒரு அட்டவணைத் தாள். மென்பொருள் உங்கள் விருப்பம். ‘சப்டைட்டில் எடிட்’ இலவசம், போதும்.

கால்பந்து வெறியராக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வெறியர்கள் செய்யும் தப்பு வேறு மாதிரி இருக்கும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்து எதையும் விளக்காமல் விட்டுவிடுவார்கள்.

2. ஊரையும் வருஷத்தையும் முதலில் குறியுங்கள்

முதல் முறை படத்தைப் பார்க்கும்போது தமிழில் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். கதை எந்த ஊரில், எந்த வருஷத்தில் நடக்கிறது, ஒவ்வொரு பாத்திரமும் எந்த ஊர்க்காரர் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஏன் முக்கியம்? ‘யுனைடெட்’ என்று ஒருவர் சொன்னால் நமக்கு உடனே மான்செஸ்டர் யுனைடெட்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஷெஃபீல்டு பாரில் அமர்ந்து ஒருவர் ‘யுனைடெட்’ என்றால் அது ஷெஃபீல்டு யுனைடெட். நியூகாசிலில் என்றால் நியூகாசில் யுனைடெட். லீட்ஸிலும் அப்படியே. ‘ப்ளூஸ்’ இன்னும் மோசம். லண்டனில் அது செல்சி, லிவர்பூலில் எவர்டன், பர்மிங்கமில் பர்மிங்கம் சிட்டி.

வருஷம் ஏன் முக்கியம் என்பதைப் புதியவர்கள் யாரும் யோசிப்பதில்லை. ‘அவன் சிட்டி ரசிகன்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1998–99இல் மான்செஸ்டர் சிட்டி மூன்றாம் அடுக்கு லீகில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலக் கதையில் இந்த வரி பரிதாபம், அல்லது நக்கல். 2008இல் அபுதாபி பணம் வந்த பிறகான கதையில் அதே வரிக்குப் பணக்கார அணியின் ஆள் என்று பொருள். நாட்டிங்கம் ஃபாரஸ்ட் 1979, 1980 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. 1999இல் மேல்மட்ட லீகிலிருந்து இறங்கியது, திரும்பி வர 2022 ஆகிவிட்டது. இடையில் வந்த கதையில் ஒரு தாத்தா ஃபாரஸ்ட் பெருமை பேசினால், அவர் பழங்கதை பேசுகிறார் என்பது அங்குள்ள எவருக்கும் சொல்லாமலே புரியும். தமிழில் அந்தத் தொனி வர “அந்தக் காலத்துல எங்க ஃபாரஸ்ட்…” என்று இரண்டு சொல் கூட்டினால் போதும்.

3. கிளப் பெயர்களுக்கு ஒரு அட்டவணை

இரண்டாம் முறை பார்க்கும்போது அட்டவணையை நிரப்புங்கள். பாத்திரம் சொல்லும் பெயர், அது குறிக்கும் கிளப், ஊர், எதிரி அணி, நம் பார்வையாளருக்கு இது தெரிந்திருக்குமா என்று ஐந்து பத்திகள்.

வசனத்தில் கிளப்பின் முழுப் பெயர் வருவது அபூர்வம். ‘வென்ஸ்டே’ என்பார்கள், ஷெஃபீல்டு வென்ஸ்டே அது. புதன்கிழமைகளில் ஆடிய ஒரு கிரிக்கெட் சங்கத்திலிருந்து பிறந்த அணி என்பதால் அந்தப் பெயர். “நான் சாகுற வரைக்கும் புதன்கிழமைதான்” என்று எழுதியவரை எனக்குத் தெரியும். ‘பேலஸ்’ என்றால் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ், அரண்மனை இல்லை. ‘ஹார்ட்ஸ்’ எடின்பரோ அணி. ‘வில்லா’ பர்மிங்கமின் ஆஸ்டன் வில்லா. வெஸ்ட் ஹாம் அணியை ‘ஹேமர்ஸ்’ என்று சொல்வது கப்பல் பட்டறைச் சுத்தியலை வைத்து. அந்த அணியின் முன்னோடி, தேம்ஸ் இரும்பாலைத் தொழிலாளர் அணி. இந்தப் பெயர்களில் எதையும் மொழிபெயர்க்கக் கூடாது, முழுப் பெயராக விரிக்கலாம்.

எதிரி அணிப் பத்தி எதற்கு என்று கேட்பார்கள். கிளப் பெயர் வரும் வசனங்களில் பாதி, இன்னொரு கிளப்பைக் குத்துவதற்காகவே எழுதப்பட்டவை. நியூகாசிலுக்கும் சண்டர்லாண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு மைல்தான். சண்டர்லாண்டுக்காரரை நியூகாசில்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் அங்கே அது பெரிய அவமானம். வரைபடத்தில் இரண்டு ஊரையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தச் சண்டை வசனம் உடனே பிடிபடும்.

கற்பனை அணிகளையும் அதே அட்டவணையில் தனி நிறத்தில் குறியுங்கள். ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரில் வரும் வெதர்ஃபீல்டு கவுன்ட்டி, ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரின் வால்ஃபோர்டு டவுன், ‘டெட் லாஸோ’வின் ஏஎஃப்சி ரிச்மண்ட் எல்லாம் எழுத்தாளர்கள் உண்டாக்கியவை. இவற்றுக்கு வெளியே தேடி எந்த அர்த்தமும் கிடைக்காது, கதையே சொல்லிவிடும். ஆனால் ‘டெட் லாஸோ’வில் மான்செஸ்டர் சிட்டி நிஜமான சிட்டிதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு நிஜ அணியின் பெயரைச் சுருக்கினால் பார்வையாளருக்குப் பிடி நழுவிவிடும்.

4. அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இந்த வரி இங்கே எதற்கு? பெரும்பாலும் விடை கால்பந்தாக இருக்காது.

நேரம் சொல்லும் வரி ஒன்று. “கல்யாணத்தை சனிக்கிழமை மூணு மணிக்கா வச்சிருக்காங்க?” என்று ஒரு அப்பா அலறுவதாக வைத்துக்கொள்வோம். நமக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை, ராகு காலமா என்று வேண்டுமானால் யோசிப்போம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி, பரம்பரையாக மேட்ச் தொடங்கும் நேரம். அந்த நேரத்து ஆட்டங்களை அங்கே டிவியில் நேரலையாகக் காட்டுவதும் இல்லை, அதனால் மைதானத்துக்குப் போனால்தான் உண்டு. தமிழில் “சனிக்கிழமை மூணு மணிக்கா? மேட்ச் நேரத்துலயா?” என்று எழுதினால் சிரிப்பு வந்துவிடும். கூடுதலாகப் போட்டது இரண்டே சொல்.

உடல் அசைவைச் சொல்லும் வரி இன்னொன்று. 1997இல் வந்த ‘தி ஃபுல் மாண்டி’யில், வேலையிழந்த ஷெஃபீல்டு ஆட்கள் நடன ஒத்திகையில் வரிசையாக முன்னே வரத் தெரியாமல் தடுமாறுவார்கள். ஒருவர் ஆர்சனல் அணியின் ஆஃப்சைடு பொறியைச் சொல்லி விளக்கியதும் எல்லாருக்கும் பளிச்சென்று புரிந்துவிடும். ஒரு புதியவர் அந்த இடத்தில் ஆஃப்சைடு விதியை விளக்க முயன்று மூன்று வரி எழுதியிருந்தார். அந்தக் காட்சிக்கு விதியே வேண்டாம். எல்லாரும் ஒரே கோட்டில் முன்னே வந்து கையைத் தூக்குகிறார்கள் என்பதுதான் வேண்டும். “ஆர்சனல் டிஃபென்ஸ் மாதிரி! ஒரே வரிசையா முன்னாடி வந்து கை தூக்கணும்!” கால்பந்து ஆடும் வியாசர்பாடிப் பையனுக்கு ஆஃப்சைடு தெரியும், அவன் கூடுதலாகச் சிரிப்பான். தெரியாதவரும் காட்சியை விடமாட்டார்.

மூன்றாவது வகையில் கவனம் வேண்டும். கிளாஸ்கோவில் ‘நீ எந்த டீம்?’ என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் அது விளையாட்டுக் கேள்வியாக இல்லாமல் போகலாம். செல்டிக் பெரும்பாலும் கத்தோலிக்கர் அணி, ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்ட் அணி. ‘எந்த ஸ்கூலில் படிச்சே?’ என்பதும் அங்கே அதே கேள்விதான். நம் ஊரில் “எந்தத் தெரு?” என்று கேட்பவர் தபால் போடுவதற்காகவா கேட்கிறார்? தமிழ்ப் பார்வையாளருக்கு இந்தத் தொனி சட்டென்று பிடிபடும். சரி, எப்படி எழுதுவது? “நீ செல்டிக்கா, ரேஞ்சர்ஸா?” என்று பெயர்களை நேராகப் போடுங்கள். மதம் படத்தில் வேறெங்கும் பேசப்படாவிட்டால் மட்டும், செல்டிக்கை முதலில் சொல்லும் வரியில் “கத்தோலிக்க டீம்” என்று ஒட்டவைக்கலாம். அதற்குமேல் விளக்கினால் கேள்வியின் மிரட்டல் போய்விடும்.

உவமையாக வருபவை சுலபம். தன் அணி வலைக்குள் தானே கோல் போடுவதற்கு நம்மிடம் ‘சேம் சைடு கோல்’ இருக்கிறது. அரசியல் பேச்சிலேயே புழங்குகிறது, அப்படியே வையுங்கள். ‘சீக்கிரமே குளிக்கப் போனான்’ என்று வந்தால் அது சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனது. வேலையிலிருந்து துரத்தப்பட்டவரைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள். குளியலை விட்டுவிட்டு “ரெட் கார்டு காட்டிட்டாங்க” என்று எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. லிவர்பூல் கதைகளில் 96 அல்லது 97 என்ற எண் வந்தால் அது ஸ்கோரோ ஜெர்சி எண்ணோ இல்லாமல் இருக்கலாம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்களின் எண்ணிக்கை அது. நீண்ட காலம் 96 என்றார்கள். காயங்களோடு வாழ்ந்த ஒருவர் 2021இல் இறந்தபோது 97 ஆனது. பழைய படத்தில் 96 என்று வந்தால் ‘திருத்தி’விடாதீர்கள். அந்த நெரிசலுக்கு ரசிகர்களையே குற்றம் சொல்லி எழுதிய ‘சன்’ நாளிதழை லிவர்பூலில் பலர் இன்றும் தொடுவதில்லை. ஒரு பாத்திரம் அந்தப் பேப்பரைத் தள்ளிவைத்தால் அந்த வரியை நகைச்சுவையாக்காமல் நேராக எழுதுங்கள்.

5. ஊரின் பேச்சை விடுங்கள், படிநிலையைப் பிடியுங்கள்

இப்போது உச்சரிப்பு. புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு வரும் ஆசை ஒன்று உண்டு. நியூகாசில்காரரைக் கோவைத் தமிழ் பேசவைப்பது, லிவர்பூல்காரரை நெல்லைத் தமிழ் பேசவைப்பது. வேண்டாம். “ஏனுங்க” என்று திரையில் பார்த்த நொடியில் பார்வையாளர் பொள்ளாச்சிக்குப் போய்விடுவார். கப்பல் கட்டும் தளமும் டைன் ஆறும் காணாமல் போய்விடும். கொங்குத் தமிழின் ‘ங்க’வில் ஒரு மரியாதை இருக்கிறது, நியூகாசில் பேச்சில் அது கிடையாது என்பது இன்னொரு சிக்கல்.

கிழக்கு லண்டன் காக்னிக்கு மெட்ராஸ் பாஷை பொருந்தும் என்று நானே ஒருமுறை முயன்றேன். இரண்டும் தலைநகரின் உழைக்கும் மக்கள் பேச்சு, அதனால் தாளில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஐந்து வரிக்குச் சிரித்தவர்கள் அழவேண்டிய காட்சியிலும் சிரித்தார்கள். பாதிப் படத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

பிரிட்டிஷ் உச்சரிப்பில் இரண்டு செய்திகள் ஒன்றாக வருகின்றன. ஒன்று ஊர், மற்றது வர்க்கம். ஊரைத் தமிழ் வழக்கில் கொண்டுவர முடியாது, பெயரைச் சொல்லித்தான் கொண்டுவர வேண்டும். வர்க்கத்தைக் கொண்டுவர நம்மிடம் நல்ல கருவிகள் உண்டு. பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்ற ஏணியே இருக்கிறது. நீ, நீங்க, சார் இருக்கின்றன.

அதனால் எல்லாப் பாத்திரங்களுக்கும் அடிப்படையாகப் பொதுப் பேச்சுத் தமிழ். படித்த, மேல்தட்டு உச்சரிப்புள்ள நீதிபதி, மேனேஜர், பள்ளி முதல்வர் ஆகியோரை ஒரு படி மேலே, எழுத்துத் தமிழின் பக்கம் நகர்த்துங்கள். முழு மேடைத்தமிழ் வேண்டாம். வேலை நேர்காணலில் ஒரு லண்டன் பையன் உச்சரிப்பை மாற்றிப் பேசினால், “வர்றேன்” “வருகிறேன்” ஆகட்டும். வெளியே வந்து அம்மாவிடம் போனில் பேசும்போது “வந்துடறேம்மா” என்று இறங்கட்டும். ஒரு தெருப்பெயர்கூட எழுதாமல் அவன் எங்கிருந்து வந்து எங்கே ஏறப் பார்க்கிறான் என்பது தெரிந்துவிடும்.

உறவுச்சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. 1960களில் தொடங்கிய ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரில் ஆல்ஃப் கார்னெட், கிழக்கு லண்டன்காரர், வெஸ்ட் ஹாம் பக்தர், பழமைவாதி. மருமகன் லிவர்பூல் பையன், இடதுசாரி. இருவருக்கும் ஓயாத சண்டை. மாமனார் மருமகனைக் கூப்பிடும் இடத்தில் தமிழ்க் கை தானாக “மாப்ளே” என்று எழுதும். ஆனால் ‘மாப்ளே’வுக்குள் நம் ஊர் மரியாதையோ, தோழமையோ புகுந்துவிடும். அந்த வீட்டில் இரண்டும் இல்லை. ஆல்ஃப் அவனை ஊரை வைத்தே திட்டுகிறார் என்பதால், தமிழிலும் “டேய் லிவர்பூல்காரா” என்று ஊரையே வசவாக்கலாம். கிளப், ஊர், கட்சி, உறவு எல்லாம் அந்த ஒரு விளியிலேயே அடங்கிவிடும்.

6. விளிச்சொற்களும் சாப்பாட்டு நேரமும்

தப்பு அதிகம் வரும் சின்னச் சொற்கள் இவை. என் அட்டவணையிலிருந்து:

நியூகாசில் பக்கம் ‘பெட்’ என்றால் செல்லப்பிராணி இல்லை. கடைக்காரம்மாவும் சொல்வார், பஸ் டிரைவரும் சொல்வார். ஸ்காட்லாந்தில் பெண்களை ‘ஹென்’ என்பது கோழி என்ற பொருளில் இல்லை. வடக்கில் ‘லவ்’ என்று கூப்பிடுவது காதலாக இருக்க வேண்டியதில்லை. பேசுபவரின் வயதைப் பார்த்து “கண்ணு”, “தம்பி”, “ம்மா” என்று மாற்றுங்கள். பல இடங்களில் விட்டுவிட்டாலே போதும்.

‘அவர் கிட்’ (our kid) என்பது மான்செஸ்டரிலும் சுற்றிலும் ‘எங்க தம்பி’ அல்லது ‘எங்க அண்ணன்’. “எங்கள் குழந்தை” என்று எழுதி, கல்யாணமாகாத ஒருவனுக்குக் குழந்தை கொடுத்த கோப்பைப் பார்த்திருக்கிறேன். அண்ணனா தம்பியா என்று தமிழுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால், படத்தை முழுவதும் பார்த்த பிறகே இதை எழுத முடியும். முதலில் முழுப் படமும் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘மேட்’டுக்கு “மச்சான்” எழுதாதீர்கள். இளைஞர்கள் என்றால் சரி. அறுபது வயதுப் பெரியவர்கள் பாரில் பேசிக்கொள்ளும்போது “-ப்பா” போதும்.

வடக்கில் ‘டீ’ மாலைச் சாப்பாடு, ‘டின்னர்’ மதியச் சாப்பாடு. தெற்கிலும் மேல்தட்டிலும் டின்னர் என்றால் இரவு உணவு. யார் பேசுகிறார் என்று பார்த்த பிறகே மொழிபெயர்க்க வேண்டும். கிளாஸ்கோவில் ‘ஹௌ?’ என்று தனியாக வந்தால் பெரும்பாலும் “ஏன்?”. யார்க்‌ஷயரில் ‘வைல்’ (while) என்பதற்கு ‘வரை’ என்ற பொருளும் உண்டு. ‘ஒன்பது வைல் ஐந்து’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை.

காக்னி எதுகைச் சொற்கள் எல்லாரும் ரசிப்பவை. படிக்கட்டுக்கு ‘ஆப்பிளும் பேரிக்காயும்’, மனைவிக்கு ‘தொல்லையும் சண்டையும்’ என்பார்கள். தமிழில் எதுகை கட்டிப் பார்க்காதீர்கள். நேரம் போகும், வரி நீளும், படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். பொருளை மட்டும் எழுதுங்கள்.

7. உச்சரிப்பே பேச்சாகும் இடம்

மேலே சொன்னதற்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை என்பதே வசனமாக வரும்போது உச்சரிப்பை மறைக்க முடியாது. 1983இல் தொடங்கிய ‘ஔஃப் வீடர்சேன், பெட்’ தொடர் இதற்கு நல்ல பயிற்சி. வேலை தேடி ஜெர்மனி போன ஏழு கட்டடத் தொழிலாளர்கள் ஒரே குடிசையில் தங்குகிறார்கள். மூவர் நியூகாசில், மற்றவர்கள் பர்மிங்கம் பக்கம், லண்டன், பிரிஸ்டல், லிவர்பூல்.

இந்த மாதிரி இடத்தில் ஒரே ஒரு வட்டாரச் சொல்லை ஒலிபெயர்த்து அப்படியே விடுங்கள். 
“நான் ஹ்யேம் போகணும்.” 
“எங்க போகணும்?” 
“வீட்டுக்குடா!” 
பார்வையாளருக்கும் ஒரு நொடி புரியாமல் போய், பிறகு புரியும். பாத்திரத்துக்கு நேர்ந்ததும் அதேதான். ஒரு காட்சிக்கு ஒரு சொல் போதும். மூன்றாவது சொல்லில் சப்டைட்டிலே பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

8. எழுத்துக்கூட்டல்

ஊர்ப்பெயர்களைப் பார்த்தபடி எழுதாமல் கேட்டபடி எழுதுங்கள். காது ‘லெஸ்டர்’ என்று கேட்கும்போது திரையில் ‘லெய்செஸ்டர்’ என்று வந்தால் உறுத்தும். நாரிச், டார்பி, பர்மிங்கம் எல்லாம் அப்படித்தான். தமிழ்ச் செய்திகளில் ஏற்கெனவே ஊறிப்போன வடிவம் இருந்தால், அது ஒலிக்கு ரொம்பத் தூரமில்லை என்றால், அதையே வையுங்கள். எதை எடுத்தாலும் முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடு வரை ஒன்றே இருக்க வேண்டும். தொடரை நான்கு பேர் பிரித்து எழுதினால் அட்டவணையை முதல் நாளே எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

9. இரண்டு வரிக்குள் அடக்குவது

விளக்கம் கூட்டலாம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இடம் எங்கே இருக்கிறது? திரையில் இரண்டு வரி, சில நொடி. தமிழில் இன்னொரு சிக்கல், மென்பொருள் எழுத்தை எண்ணும் விதம். ‘லிவர்பூல்’ நம் கணக்கில் ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. அதனால் ‘நீளம் அதிகம்’ என்ற சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் பயந்து சொல்லை வெட்டாதீர்கள். உங்களுக்கு வேலை தருபவர் எந்தக் கணக்கை ஏற்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் போடவே கூடாது. பாத்திரத்தின் வாயிலேயே போட வேண்டும். 1982இல் வந்த ‘பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்’ தொடரில், வேலையும் குடும்பமும் கைவிட்டுப்போகும் யோஸ்ஸர் ஹியூஸ் என்ற லிவர்பூல்காரர், கிரேயம் சூனஸைச் சந்தித்துத் தங்கள் முக ஒற்றுமையைப் பற்றிப் பேசுவார். சூனஸ் அப்போது நிஜத்திலேயே லிவர்பூல் ஆட்டக்காரர், தானாகவே நடித்திருந்தார். அங்குள்ளவர்களுக்கு முகமே போதும். நமக்கு அந்த முகம் தெரியாது. “லிவர்பூல் டீம் சூனஸ்தானே நீங்க?” என்று கேள்விக்குள்ளேயே இரண்டு சொல் நுழைத்துவிட்டால், ஊரே கொண்டாடும் ஒருவர் முன்னால் எதுவுமில்லாத ஒருவர் நிற்பது தெரிந்துவிடும்.

கூட்டிய சொல்லுக்கு இடம் வேண்டுமா? முந்தின வரியில் பெயர் விளிப்பை, “சரி”, “பாரு” போன்றவற்றை எடுத்துவிடுங்கள். அவை காதிலேயே கேட்கின்றன.

10. பாட்டும் கோஷமும்

பாட்டு வரிகளை மொழிபெயர்க்க வேண்டுமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்கு உரிமைச் சிக்கலும் உண்டு. கூட்டம் பாடும் பாட்டு எந்த அணியுடையது என்பது கதைக்கு வேண்டும் என்றால், அடுத்த வசனத்தில் அணியின் பெயர் வருமாறு பார்த்துக்கொள்ளலாம். ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ கேட்டதும் லிவர்பூல் என்று முடிவுகட்டாதீர்கள். செல்டிக் ரசிகர்களும் அதைப் பாடுவார்கள். எந்த ஊர் என்று உங்கள் முதல் தாளைப் பாருங்கள்.

11. அனுப்பும் முன் இருவரிடம் காட்டுங்கள்

பிரீமியர் லீகை விடாமல் பார்க்கும் ஒருவர், கால்பந்தே பார்க்காத ஒருவர். இருவரையும் சேர்த்து உட்காரவைக்காதீர்கள், முதலாமவர் இரண்டாமவருக்கு விளக்க ஆரம்பித்துவிடுவார். நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது. முதலாமவர் முகம் சுளிக்கும் நிமிடத்தைக் குறியுங்கள், அங்கே அணியைத் தப்பாக எழுதியிருப்பீர்கள் அல்லது அதிகமாக விளக்கியிருப்பீர்கள். இரண்டாமவர் படத்தைப் பின்னுக்கு ஓட்டச் சொல்லும் இடத்தையும் குறியுங்கள். எனக்கு இரண்டாமவர் என் அத்தை. ‘தி ஃபுல் மாண்டி’ காட்சியில் அவர் திரும்ப ஓட்டச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.